நோட்டீஸில் இருந்த வாணவேடிக்கை

(பாளையங்கோட்டையில் கணினி படிக்கும் மாணவர்கள் நடத்திய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும், முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பால்குடம் எத்தனை மணிக்கு, வில்லிசை எத்தனை மணிக்கு, சாமக்கொடை எப்போது என்று எல்லாம் அச்சடித்திருக்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ஊர் நோட்டீஸில் கடைசி வரியாக 'மாபெரும் வாணவேடிக்கை' என்று போட்டிருந்தார்கள். நாலைந்து பையன்கள் குளத்தங்கரையில் துண்டை விரித்துப் படுத்து, வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தோம். விடிந்துவிட்டது. வேடிக்கை நடக்காதது கூடப் பரவாயில்லை. "இன்னைக்கு கிடையாதுலே, வீட்டுக்குப் போங்க" என்று ஒரு ஆள் வந்து சொல்லவில்லை.

'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளிக் கணினி விளையாட்டு உருவான கதையைப் படித்தபோது எனக்கு அந்தக் குளத்தங்கரைதான் ஞாபகம் வந்தது.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஹலோ கேம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம்தான் அதைச் செய்தது. 2013 டிசம்பரில் அவர்கள் காட்டிய விளையாட்டின் சில நிமிட முன்னோட்டப் படத்தில், ஒருவர் கடலுக்கடியிலிருந்து கிளம்பி, கரையேறி, விண்கப்பலில் ஏறி, எங்கேயும் நிற்காமல் விண்வெளிக்கே போய்விடுகிறார். அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்கள் அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்து கணினிகள் நாசமாயின. அதிலிருந்தும் எழுந்து 2014-ல் சோனியின் பெரிய மேடைக்கு வந்தார்கள். பெரிய பெரிய விலங்குகள் மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஓடும் கிரகத்தைக் காட்டினார்கள். உலகமே வாயைப் பிளந்தது.

அப்புறம் அந்த எண். 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. ஏறக்குறைய 18-க்குப் பின்னால் 18 சுழியம். விளையாட்டுக்குள் அத்தனை கிரகங்கள். ஒன்றுக்கு ஒரு நொடி ஒதுக்கினாலும் எல்லாவற்றையும் பார்க்க 58,500 கோடி ஆண்டுகள் ஆகும்.

இது பொய் இல்லை, பிள்ளைகளே. பத்தமடையில் பாய் நெய்பவரைப் பாருங்கள். ஆயிரம் பாயை வீட்டில் அடுக்கி வைத்திருக்கவில்லை. கோரை இருக்கிறது, சாயம் இருக்கிறது, எந்த இழைக்குப் பிறகு எந்த இழை என்ற கணக்கு இருக்கிறது. கணக்கை மாற்றினால் கோலம் மாறும். கிரகங்களும் அப்படித்தான்: எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதை எண். நீங்கள் நெருங்கும்போது அந்த எண்ணிலிருந்து மலை, கடல், புல், விலங்கு எல்லாம் சூத்திரப்படி உருவாகும். விதை எண் ஒன்றுதான் என்பதால், யார் போனாலும் அதே மலை அதே இடத்தில் இருக்கும். அருமையான வேலை. ஆனால் நூறாவது பாயைப் பார்க்கும்போது கண்ணுக்குக் கோரை தெரிந்துவிடும் இல்லையா? எண்ணிக்கை பெருகுவது வேறு, ஆச்சரியம் பெருகுவது வேறு. இதை யாராவது முன்னாலேயே பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்கலாமா என்று நிறுவனர்களில் ஒருவரான ஷான் மர்ரேயிடம் பேட்டிகளில் கேட்டார்கள். முடியும், ஆனால் அண்டம் அவ்வளவு பெரிது, வாய்ப்பு மிகக் குறைவு என்கிற மாதிரி பதில் வந்தது. 2016 ஆகஸ்டில் விளையாட்டு வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. அந்த வசதியே அப்போது அதில் இல்லை. இத்தனை பெரிய எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன 'இல்லை' ஒளிந்திருந்தது.

கணினியில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக மட்டும் ஒரே நேரத்தில் 2 லட்சம் பேருக்கு மேல் ஆடிய விளையாட்டு, சில வாரங்களில் ஆள் அரவமற்றுப் போனது. விளம்பரம் ஏமாற்றுகிறது என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் போனது. ஏமாற்று இல்லை என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். சரி, சட்டம் அப்படிச் சொல்லட்டும். காசு சேர்த்து வாங்கின பையனிடம் 'நீ ஏன் இவ்வளவு எதிர்பார்த்தாய்' என்று கேட்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆசைப்பட வைத்துவிட்டு ஆசையைக் குற்றம் சொல்லக் கூடாது.

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன். ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதற்கே மர்ரேக்குக் கொலை மிரட்டல் வந்தது. விளையாட்டுக்காக ஒரு மனிதனின் உயிரை மிரட்டுவதை எந்த ஏமாற்றமும் நியாயப்படுத்தாது.

தாமதத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு நாம் கில்ட்ஃபோர்டு வரை போக வேண்டாம். நம் மகேந்திரகிரியில் இஸ்ரோக்காரர்கள் கிரையோஜெனிக் எஞ்சினை, அதாவது மிகக் குளிர்ந்த எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சினை, தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். 2010-ல் அந்த எஞ்சினோடு கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் அடுத்த ராக்கெட் கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் கசிவைக் கண்டு நிறுத்தினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. கசிகிறது, இன்றைக்கு இல்லை என்று சொன்னார்கள். 2014 ஜனவரி 5-ல் அது வெற்றிகரமாக விண்வெளிக்குப் போனது.

ஹலோ கேம்ஸும் ஓடிவிடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 2016 நவம்பரில் முதல் பெரிய மேம்பாடு வந்தது. 2018 ஜூலையில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டார்கள். மேம்பாடு எதற்கும் தனியாகக் காசு வாங்கவில்லை. 2020-ல் தொடர்ந்து வளரும் சிறந்த விளையாட்டு என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விருதும் கிடைத்தது. நான் மனதார மதிக்கிற உழைப்பு இது. உங்களில் யாராவது விளையாட்டு செய்யக் கிளம்பினால் இந்த உழைப்பையும் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு நோட்டீஸில் 'இதெல்லாம் இந்த வருஷம் இல்லை' என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஊரிலும் மறு வருஷம் வாணவேடிக்கை வந்தது. முக்கால் மணி நேரம், குளத்துத் தண்ணீர் முழுக்கச் சிவப்பும் பச்சையும். என் பக்கத்தில் துண்டை விரித்துக் கிடந்தவனைக் கூப்பிட அவன் வீட்டுக்கு ஓடினேன். "எதுக்குலே, போன வருஷம் மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டான்.