பூட்டும் அதன் கணக்கும்: தொடக்கப்பள்ளியில் கணினியும் இணையப் பாதுகாப்பும்

பெரியோர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'தொடக்கப்பள்ளியில் கணினியும் இணையப் பாதுகாப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதில் வரும் இரண்டு 'உம்'களும் எனக்குச் சற்று உறுத்துகின்றன. பல பள்ளிகளில் கணினிப் பாடம் ஒரு நாள், ஓர் ஆசிரியரிடம் நடக்கிறது. இணையப் பாதுகாப்பு வேறொரு நாள், வெளியிலிருந்து வரும் பேச்சாளர் ஒருவரிடம் நடக்கிறது. முதலாவதில் பிள்ளைகள் மவுஸைப் பிடிக்கவும் படம் வரையவும் கற்கிறார்கள். இரண்டாவதில், செய்யக்கூடாதவற்றின் நீண்ட பட்டியலைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறார்கள். இவை இரண்டும் ஒரே பாடம் என்பதும், பிரித்து நடத்தினால் இரண்டுமே அரைகுறையாகும் என்பதும்தான் நான் இன்று சொல்ல வந்தது.

நான்காம் வகுப்பில் ஒருநாள் ஒரு சிறுமியை முன்னால் அழைத்து, ஓர் இலக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள்தான் பூட்டு. எதிரில் நின்ற சிறுவன் திருட்டுச் சாவி. அவன் 0, 1, 2 என்று சொல்லிக்கொண்டே வந்தான். 7 என்றதும் பூட்டு திறந்தது. வகுப்பே சிரித்தது. அடுத்து இரண்டு இலக்கம். 43 வரை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று இலக்கம் என்றதும் அவன், "டீச்சர், இது சாயங்காலம் வரைக்கும் போகும்" என்று உட்கார்ந்துவிட்டான். உண்மையில் அவ்வளவு நேரம் ஆகுமா என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நொடிக்கு ஓர் எண் வீதம் சொன்னால், மூன்று இலக்கத்தில் உள்ள 1000 எண்களையும் சொல்லி முடிக்க 16 நிமிடம் 40 நொடி போதும். நான்கு இலக்கம் என்றால் 10,000 எண்கள், ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். ஓர் இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்காகிறது. எண்களுக்குப் பதிலாக ஆங்கிலச் சிற்றெழுத்துகளை வைத்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் 26 மடங்கு. எட்டு எழுத்துக்கு 20,882 கோடிக்கும் மேல். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டருக்குச் சலிக்காதே, அது வேகமாச் சொல்லிடுமே?" என்று ஒருவன் கேட்டான். அப்படியானால் பூட்டு என்ன செய்யலாம் என்று நான் திருப்பிக் கேட்டேன். "அஞ்சு தடவை தப்பாச் சொன்னா, கொஞ்ச நேரம் பேசவே கூடாது" என்று பதில் வந்தது. வங்கிகளும் கைபேசிகளும் செய்வது இதைத்தான். ஆனால் அன்றைய மிகச் சிறந்த வாக்கியத்தைச் சொன்னது பூட்டாக நின்ற அந்தச் சிறுமி. "இவன் ஒண்ணுலேர்ந்து எதுக்கு வரணும்? முதல்ல என் பொறந்த நாளைத்தானே சொல்லிப் பார்ப்பான்?" என்றாள். பலரும் வைக்கக்கூடிய சொற்களையும் தேதிகளையும் முதலில் முயன்று பார்ப்பது என்ற, கணினிப் பாதுகாப்புத் துறையினர் தனிப்பெயர் வைத்துப் பேசுகிற உத்தியை, ஒன்பது வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். 'பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைக்காதே' என்ற விதியை அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அன்று நடந்தது கணினிப் பாடமா, பாதுகாப்புப் பாடமா? கணக்கு ஆசிரியரைக் கேட்டால் பெருக்கல் பாடம் என்பார். இதைத்தான் ஒரே பாடம் என்கிறேன்.

இந்த எண்ணம் புதியதன்று. சிறு பிள்ளைகள் கணினிக்குக் கட்டளையிடும் நிலையில் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபூர்ட்சைக் முதலானோர் 1967-இல் லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். கட்டளைக்கு ஏற்ப நகர்ந்து கோடு வரையும் 'ஆமை' அந்த மொழியோடு சேர்ந்து புகழ்பெற்றது. 40 ஆண்டுகள் கழித்து, 2007-இல், அந்த மரபில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து, கட்டளைக் கட்டைகளைத் திரையில் அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் வந்தது. ஐந்து முதல் ஏழு வயதினருக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் 2014-இல் வந்தது. அதே 2014-இல் இங்கிலாந்து தன் பாடத்திட்டத்தை மாற்றி, ஐந்து வயதிலிருந்தே கணினியியலைக் கட்டாயப் பாடமாக்கியது. அந்தப் பாடத்திட்டத்தில் ஐந்து முதல் ஏழு வயதுக்கு உரிய பகுதியை வாசித்தால், படிமுறை, அதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிகளின் வரிசை, என்றால் என்ன, எளிய நிரலை எழுதிப் பிழை திருத்துவது எப்படி என்பவற்றோடு, சொந்தத் தகவல்களைக் காப்பதும், இணையத்தில் கலக்கம் தரும் ஒன்றைக் கண்டால் யாரிடம் உதவி கேட்பது என்பதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் அவற்றை இரண்டு பாடமாகப் பார்க்கவில்லை.

கணினி இல்லாத பள்ளி என்ன செய்யும் என்ற கேள்வி உடனே எழும். பூட்டு விளையாட்டுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த டிம் பெல் முதலானோர் 1990-களிலேயே கணினியைத் தொடாமல் கணினியியல் கற்பிக்கும் பயிற்சிகளை வகுத்து, உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்தக் கொடுத்தார்கள். சுண்ணக்கட்டி, அட்டை, கயிறு ஆகியவை போதும். என் அனுபவத்தில், கருவிகள் வந்து இறங்கிய பிறகு இந்தப் பயிற்சிகளைக் கைவிட்ட பள்ளிகள்தான் தோற்றன. பிள்ளைகளின் கண் திரைக்குப் போய்விட்டது, சிந்தனை அதன் பின்னால் போகவில்லை.

அட்டையால் நடத்தக்கூடிய இன்னொரு பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். விலங்கு, வாகனம், விளையாட்டு என்று மூன்று வகைப் படங்கள் ஒட்டிய முப்பது அட்டைகளை ஒரு மாணவனிடம் கொடுங்கள், அவன்தான் கைபேசியில் காணொளி காட்டும் செயலி. அவனுக்கு ஒரே ஒரு விதி: எதிரில் உள்ளவள் எந்தப் படத்தை அதிக நேரம் பார்த்தாளோ, அந்த வகையிலிருந்தே அடுத்ததைக் காட்ட வேண்டும். பத்து அட்டைகள் நகர்வதற்குள் அவள் முன்னால் நாய்களும் பூனைகளும் மட்டுமே வந்துகொண்டிருக்கும். இப்போது வகுப்பைக் கேளுங்கள்: அவளுக்கு விளையாட்டு பிடிக்காதா? பிடிக்கும், ஆனால் அந்த அட்டைகள் கட்டுக்கு அடியிலேயே கிடக்கின்றன. அவள் தேர்ந்தெடுத்தாளா, அவன் தேர்ந்தெடுத்தானா? இந்தக் கேள்வியில் ஒருமுறை வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. பிறகு விதியை மாற்றுங்கள்: ஐந்து அட்டைக்கு ஒருமுறை வேறு வகை காட்ட வேண்டும் அல்லது பத்து அட்டையோடு நிறுத்திவிட வேண்டும். காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடுவது இயற்கை நியதி அன்று, யாரோ எழுதிய விதி, அதை வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம் என்ற அறிவு அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. 'அதிக நேரம் பார்க்காதே' என்று ஆயிரம் முறை சொன்னாலும் இந்த அறிவு வராது.

படத்தைப் பகிர்வதற்கும் இப்படி ஒரு வழி உண்டு. ஒரு தாளில் எழுதியதை வகுப்பில் உள்ள அனைவரும் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். பிறகு மூலத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுதியது அழிந்துவிட்டதா என்று கேளுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி, எனக்கு வருத்தம் தந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பல சமூக வலைத்தளங்களில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்றது. அந்த எல்லைக்கோடுதான் உலகெங்கும் பரவிற்று. சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. ஆனால் நடப்பில், பிறந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தில் பிள்ளைகள் வேறோர் ஆண்டைப் போடுகிறார்கள். சில வீடுகளில் பெரியவர்களே போட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு உள்ளே ஏதாவது தவறு நடக்கும்போது அந்தப் பிள்ளையால் வாய்திறக்க முடிவதில்லை, ஏனென்றால் முதலில் சொன்ன பொய் வெளியே வந்துவிடும்.

என் வகுப்பில் ஒரு சிறுவன் அப்படி மூன்று வாரம் மௌனமாக இருந்தான். குழு ஒன்றில் வகுப்புத் தோழர்களே அவனைக் கேலி செய்து எழுதிவந்தார்கள். அவன் கடவுச்சொல்லை நட்பின் அடையாளமாக ஒருவனிடம் கொடுத்திருந்தான். அதை வைத்து அவன் பெயரிலேயே சில செய்திகள் போயின. விஷயம் எங்களுக்குத் தெரியவந்தபோது பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தான். யார் என்ன எழுதினார்கள் என்று காட்ட ஒன்றுமே இல்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நான்தான் அந்த வகுப்பில், 'இதையெல்லாம் தொட்டால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்' என்று கண்டிப்பான குரலில் பேசியிருந்தேன். அவன் அதை நன்றாகவே கேட்டிருக்கிறான். 'அந்நியரிடம் பேசாதே' என்ற எச்சரிக்கையும் அங்கே உதவவில்லை. அங்கே அந்நியர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நிரல் எழுதும் வகுப்பை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஆமை வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பினால், பிள்ளை அழுவதில்லை, ஒளிப்பதில்லை; "டீச்சர், தப்பாப் போகுது, வந்து பாருங்க" என்று சத்தமாகக் கூப்பிடுகிறது. நிரலில் பிழை என்பது குற்றம் அன்று, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும் குறிப்பு. ஐந்து ஆண்டுகள் இப்படிப் பிழையைக் கூவிச் சொல்லிப் பழகும் அதே பிள்ளை, இணையத்தில் நடந்த பிழையை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? ஒன்றுக்கு நாம் அருகில் வந்து அமர்கிறோம், மற்றதற்குக் கைபேசியைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பிள்ளை வந்து சொன்ன முதல் நாளில் கருவியைப் பறிக்காதீர்கள் என்பதுதான். அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அனுப்பியவரைத் தடைசெய்யுங்கள், புகார் அளியுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். இந்த நான்கையும் பிள்ளையின் கையாலேயே, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு செய்யுங்கள்.

இப்போதெல்லாம் ஆண்டின் முதல் கணினி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு தாள் கொடுத்து, இணையத்தில் ஏதாவது தவறாகப் போனால் போய்ச் சொல்லக்கூடிய மூன்று பேரின் பெயர்களை எழுதச் சொல்கிறேன். ஒருவராவது வீட்டுக்கு வெளியே உள்ள பெரியவராக இருக்க வேண்டும். பெரும்பாலோர் சட்டென்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று தாள்கள் ஒரே பெயரோடு வரும். ஒன்று வெறுமையாக வரும். அந்த வாரம் நான் முதலில் பக்கத்தில் போய் உட்காருவது அந்தத் தாளுக்கு உரிய பிள்ளையிடம்தான்.