துறைமுகத்தின் மண் எங்கிருந்து வந்தது

(கொடைக்கானலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடற்கரையைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஒருவனை ஏழாயிரம் அடி உயரத்துக்கு வரவழைத்து, கடலைப் பற்றிப் பேசச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நான் இம்மலைக்கு வருவது இது முதல் முறையன்று. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பள்ளத்துச் சேற்றைத் தேடித்தான் வந்திருக்கிறேன். அதன் காரணத்தைச் சொல்லிவிட்டால் என் பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பழனி மலைத்தொடரில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பாருங்கள். தெற்குச் சரிவில் தலையாறு அருவியாக விழும் மஞ்சளாறு வைகையோடு சேர்கிறது. வைகையின் கழிமுகத்தருகே இருப்பது அழகன்குளம். வடக்குச் சரிவில் பொருந்தலாறு முதலானவை சண்முகநதி வழியாக அமராவதியை அடைகின்றன. அமராவதி கரூரை அடுத்த திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. காவிரி கடலைத் தொடும் இடம் பூம்புகார். ஒரே கூரையின் இரண்டு இறவாரங்களிலிருந்து நீர் சொட்டுவதுபோல, பாண்டியர் துறைமுகம் ஒன்றுக்கும் சோழர் துறைமுகம் ஒன்றுக்கும் நீரும் மண்ணும் இந்த ஒரே மலையிலிருந்து போயிருக்கின்றன.

நீரை மட்டும் சொன்னால் போதாது. மண்தான் இன்றைய பொருள். கடற்கரைத் தொல்லியல் என்றதும் எந்த அவையிலும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி கடல்கொண்ட நாட்டைப் பற்றியது. கேட்பவர் ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதும், அப்போது பாக் நீரிணை தரையாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பனிப்பாறைகள் உருகிக் கடல் ஏறிய அந்த நீண்ட ஏற்றம் ஏறத்தாழ 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிட்டது. நாம் அகழ்ந்தெடுக்கும் துறைமுகங்களோ கடந்த மூவாயிரம் ஆண்டுகளுக்குள் எழுந்தவை. அந்தப் பழைய ஏற்றத்தின் நினைவு கதையாக எஞ்சியதா என்பது வேறு விவாதம். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை ஏன் அழிந்தது என்பதற்கு அதை விடையாக வைக்க முடியாது.

ஏனெனில், கொற்கையைக் கடல் கொள்ளவே இல்லை, கைவிட்டுப் போனது. 1870களில் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்தபோதே அது உள்நாட்டுச் சிற்றூர். இன்று அங்கிருந்து கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்த இடமாகச் சொல்லும் ஊர் இதுதான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளத் தள்ள, வணிகமும் பின்னாலேயே நகர்ந்து காயல் என்ற ஊருக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயலும் பிறகு அதே கதிக்கு ஆளாயிற்று. பழையகாயல் என்ற பெயரிலேயே அந்த வரலாறு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலைகள் தின்றுவிட்டன. ஆகவே கடற்கரை எல்லா இடத்திலும் ஒரே பக்கம் நகர்வதில்லை. ஆறு கொண்டுவரும் மண்ணும் அலை எடுத்துச் செல்லும் மண்ணும் ஒவ்வொரு கழிமுகத்திலும் தனித்தனியே கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன.

அந்தக் கணக்கைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கழிமுகத்தருகே ஒரு குழாயைத் தரைக்குள் செலுத்தி, மண் தூண் ஒன்றைக் கலையாமல் வெளியே எடுக்கிறோம். அதில் கடல் மணலும் உப்பங்கழிச் சேறும் ஆற்று வண்டலும் அடுக்கடுக்காக இருக்கும். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணுகிறோம். திறந்த கடலில் வாழ்பவை ஒரு வகை, உவர்நீரில் வாழ்பவை வேறு வகை. இந்த எண்ணிக்கையிலிருந்துதான், இன்று வயலாக இருக்கும் ஓரிடத்தில் எப்போது படகு மிதந்திருக்க முடியும் என்று சொல்கிறோம்.

காலத்தைக் கணிப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கடலில் வாழும் சங்கும் சிப்பியும் ஆழ்நீரில் நெடுங்காலம் கிடந்த பழைய கரிமத்தையும் சேர்த்தே ஓட்டைக் கட்டுகின்றன. அதனால் நேற்று இறந்த சங்குகூட, கரிமத்தின் தேய்வைக் கொண்டு வயது காணும் கரிமக் கணிப்பில் ஏறத்தாழ 400 ஆண்டு வயதானதுபோலத் தோன்றும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கிளிஞ்சலின் வயதை ஊரின் வயதாக அறிவிப்பவரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதே அடுக்கில் ஓர் அடுப்புக் கரித்துண்டு கிடைத்தால், அதற்காக ஒரு நாள் முழுதும் மண் சலிக்கத் தயங்கக் கூடாது.

ஆய்வுக்கூடம் சொல்லாததை மீனவர் சொல்வார். மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத்திட்டைப் ‘பார்’ என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. முத்துச்சிப்பி அந்தப் பார்களில்தான் பற்றி வளரும். வாடையும் கச்சானும் சோழகமும் மாறி வீசுகையில் மணல் நகர்ந்து ஒரு பாரை மூடிவிட்டால், சிப்பி மூச்சின்றி மடியும். முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு சில ஆண்டுகள் நடப்பதும் பல ஆண்டுகள் நடவாமற்போவதும் வழக்கமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அரசர்களின் வருவாயையும் இந்த மணலின் போக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி மலைக்கு வருகிறேன். கழிமுகத்தில் கிடைக்கும் வண்டல் எப்போது அதிகமாகவும் எப்போது குறைவாகவும் வந்தது என்பதற்குக் காரணம் தேடினால், மேலே மழை எப்படி இருந்தது, புல் எங்கே இருந்தது, மரம் எங்கே இருந்தது என்று அறிய வேண்டியிருக்கிறது. அதற்கான ஏடு கடற்கரையில் இல்லை. உங்கள் பள்ளங்களில் இருக்கிறது. ஓடையோரச் சதுப்புகளில் இலையும் புல்லும் முழுதும் மக்காமல் ஆண்டாண்டாகப் படிந்து கருமண்ணாகியிருக்கின்றன. சோலை மரங்களும் இம்மலைப் புற்களில் பலவும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் வழி வேறு வேறாதலால், அந்தக் கருமண்ணில் உள்ள கரிம வகைகளின் விகிதமே எந்தக் காலத்தில் எது மிகுந்திருந்தது என்று காட்டிக்கொடுக்கும். நீலகிரிச் சதுப்புகளைக் கொண்டு 1993இல் சுகுமாரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சி, புல் மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. பிறகு 5,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறண்ட காலம். நம் துறைமுகங்கள் தலையெடுத்தது இந்த வறட்சியின் பிற்பகுதியில் என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது.

மலைக்கும் கரைக்கும் இடையே ஆள் நடமாட்டம் இருந்தது என்பதில் ஐயமில்லை. இம்மலையின் அடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பானை தாங்கும் வளையம்) நெல்லும் ஒரே ஈமக்குழியில் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. நொய்யல் கரைக் கொடுமணலிலோ, கடலிலிருந்து நெடுந்தொலைவு வந்த சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். புகாரின் தெருவில் கருமிளகு மூட்டைகள் கிடந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. அது எந்த மலையின் மிளகு என்று பாட்டு சொல்லவில்லை. நாமும் இம்மலையின் தாண்டிக்குடி மிளகு என்று உரிமை கொண்டாட வேண்டாம்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். புல்வெளி என்றால் காடழிந்த தரிசு என்று தவறாக எண்ணி, அதில் சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும் பைனும் நட்டோம். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. புல்வெளியோடு அதன் நடுவே இருந்த சதுப்புகளும் வற்றுகின்றன. வற்றிய கருமண் காற்றுப் பட்டு மக்கிப்போகும். பிறகு அதில் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கத்திலிருந்து பூண்டும் கேரட்டும் பயிரிடும் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். நீர் வடியக் கால்வாய் வெட்டும்போது, கரி போன்ற கறுப்பில், கையில் பிழிந்தால் பழுப்பு நீர் வடியும் மண் ஒரு முழத்துக்கு மேல் தென்பட்டால், அந்தப் பள்ளத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்து எனக்குச் சொல்லியனுப்புங்கள். குழாயை நானே சுமந்து வருகிறேன்.