ஆளு விழுந்தா சோடா உடைக்காதீங்க, அடி பம்பு அடிங்க!

(காட்சி: மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ, வாழைக்குலை இறக்குற வண்டி.)

மக்களே, இந்தக் குலைக்குப் பக்கத்துல ஒரு அண்ணாச்சி திடீர்னு சரிஞ்சு விழுறாருன்னு வையுங்க. நம்ம ஊர்ல அடுத்து என்ன நடக்கும்? ஒருத்தர் தண்ணி தெளிப்பாரு, ஒருத்தர் சோடா உடைப்பாரு, இன்னொருத்தர் கையில சாவிக்கொத்தைத் திணிப்பாரு. இதயம் நின்னவருக்கு மூணும் பிரயோஜனமில்ல. நெஞ்சை அமுக்கணும், அதான் சிபிஆர் (CPR)ங்கிற முதலுதவி. சோடா மூச்சுக்குழல்ல இறங்கினா ஆபத்து வேற. மூளைக்கு நாலஞ்சு நிமிஷம்தான் தவணை.

தோளைத் தட்டி சத்தமா கூப்பிடுங்க. அசைவில்லையா? மூச்சு இருக்கான்னு 10 செகண்டுக்குள்ள பாருங்க. நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். குறட்டை மாதிரி ஒரு சத்தம், வாய் திறந்து திறந்து மூடும், தேங்காப்பட்டணம் கரையில போட்ட மீனு மாதிரி. அதை மூச்சுன்னு நம்பிராதீங்க. 108 அடிச்சு ஸ்பீக்கர்ல போடுங்க. கேரள எல்லையில இருக்க களியக்காவிளைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் அதே நம்பர்தான். ஆனா செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு முதல்லயே சொல்லிருங்க.

நெஞ்சை அமுக்குற இந்த வித்தையை 1960-ல அமெரிக்காவுல எழுதி வெளியிட்ட மூணு பேர்ல ஒருத்தர், கோவன்ஹோவன், டாக்டரே இல்ல, கரண்ட் இன்ஜினியர்! வரலாறு போதும்.

நெஞ்சுக்கு நடுவுல, நெஞ்செலும்போட கீழ்ப்பாதியில உள்ளங்கையோட அடிப்பகுதி. அது மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் இறங்கணும், 6-ஐத் தாண்ட வேண்டாம்.

இப்ப நம்ம பழைய வீட்டு அடி பம்பை நினைச்சுப் பாருங்க. பாதி பாதியா அடிச்சா என்ன வரும்? சொட்டுத் தண்ணி. கைப்பிடி முழுசா மேல வந்து, முழுசா கீழ போனாத்தான் குடம் நிறையும். நெஞ்சும் அப்படித்தான். அமுக்கும்போது ரத்தம் வெளிய போகுது. விடும்போது இதயத்துக்குள்ள திரும்ப நிறையுது. கையை எடுக்காதீங்க, ஆனா பாரத்தை முழுசா எடுத்துருங்க.

இன்னும் கேளுங்க. வாஷர் தேஞ்ச பம்புல ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத் திரும்ப அடிச்சிருக்கியளா? தண்ணி கீழ இறங்கிரும். பத்து தடவை வெறுங்காத்து அடிச்சப்புறம்தான் எட்டிப் பாக்கும். நெஞ்சுலயும் அதேதான்! நிறுத்தின உடனே ரத்த அழுத்தம் மடமடன்னு விழும், திரும்ப ஏத்த நிறைய அமுக்கு வேணும். அதான் "உயிர் வந்திட்டா"ன்னு அடிக்கடி நிறுத்திப் பாக்காதீங்கன்னு சொல்லுறது. எங்க பாட்டி இதைக் கேட்டிருந்தா, இதுக்கா காலேஜ் போனேன்னு கேட்டிருப்பா.

வேகம் நிமிஷத்துக்கு 100-லிருந்து 120. செகண்டுக்கு ரெண்டு, இல்ல அதுக்குக் கொஞ்சம் கம்மி. சிங்காரி மேளம் உச்சத்துல அடிக்கிற வேகம் வேண்டாம். விலா எலும்பு முறியுற சத்தம் கேட்கலாம். பயந்து விட்டுராதீங்க, எலும்பு பிறகு சேரும்.

பெரியவங்க திடீர்னு விழுந்தா, பயிற்சி இல்லாதவங்க அமுக்குனா மட்டும் போதும். ஆத்துல முங்கினவருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மூச்சு ஊதுறதும் சேரணும். அதைப் பயிற்சியிலதான் படிக்கணும்.

நான் பொம்மையில ஒரு நிமிஷம் அமுக்குனேன், சட்டை நனைஞ்சு போச்சு. அதனால 2 நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாறுங்க. சந்தையில ஆளுக்கா பஞ்சம்? அந்தா போனைத் தூக்கி வீடியோ எடுக்காரே, ஓய், போனைப் பைக்குள்ள வையும், அடுத்து நீருதான்.