மூன்று நாள் பீப்பாய்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ரியல் ஏல் என்று ஒரு வகை பீரைச் சொல்கிறார்களே, அது உயிரோடு இருக்கிற பானம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்த கதையே அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆலையில் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும்.

பப்பின் நிலவறையில், 12 டிகிரிக் குளிர்ச்சியில், பீப்பாயைப் படுக்க வைத்திருப்பார்கள். மேல் அடைப்பில் ஒரு சின்ன மர முளையைத் தட்டி இறக்கியதும் நுரை புஸ்ஸென்று பொங்கி வழியும். வாயு மெல்லக் கசிய விடுகிற மென்மையான மரம் அது. நுரையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்து பார்ப்பார்கள், மறுபடி பொங்குகிறதா என்று. பொங்குவது அடங்கினால் அந்த முளையைப் பிடுங்கிவிட்டு, வாயுவைக் கசிய விடாத கெட்டி முளையை அடிப்பார்கள். அப்புறம் ஈஸ்ட் அடியில் படிந்து ஏல் தெளிய வேண்டும். ஊற்றும்போதும் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தித் தள்ள மாட்டார்கள், பெரும்பாலும் கைப்பம்பால் இழுப்பதுதான்.

சரி, இதில் சிக்கல் என்ன? ஏல் வெளியே வர வர, பீப்பாய்க்குள் காற்று புகுகிறது. மூன்று நாளில் தீராவிட்டால் ருசி கெடும். ஃபர்கின் என்கிற சின்னப் பீப்பாயிலேயே 72 பைன்ட், அதாவது சுமார் 41 லிட்டர் இருக்கும், ஒரு சிறு கிராமத்தில் அதைக் குடித்துத் தீர்க்க ஆள் வர வேண்டாமா? பெரிய கம்பெனிகள் 1960களில் ஈஸ்டை வடிகட்டி, வாயு ஏற்றி, நாள்பட நிற்கும் கெக் பீருக்குத் தாவின. அதை எதிர்த்து 1971இல் நான்கு நண்பர்கள் தொடங்கியதுதான் கேம்ரா, அதாவது ரியல் ஏலைக் காப்பாற்றும் இயக்கம். அவர்கள் மட்டும் கிளம்பாமல் இருந்திருந்தால் இந்த ருசி என்றைக்கோ போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வடமேற்கு இங்கிலாந்தின் கும்பிரியா மலைப்பக்கம் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஓல்ட் கிரவுன் என்ற பப். 1988இல் அதன் பின்பக்கத்துப் பழைய களஞ்சியத்திலேயே ஏல் காய்ச்ச ஆரம்பித்தார்கள். 1999இல் அந்த ஆலையை ஊரார் கூட்டுறவாக ஏற்றுக்கொண்டார்கள். 2003இல் பப்பையும் விடவில்லை, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பங்குப் பணம் போட்டு வாங்கினார்கள், பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் என்று அதைச் சொல்வதுண்டு. எனக்கு இதில் பெரிய விஷயமாகத் தெரிவது, முதலாளியும் அவர்களே, மூன்று நாளில் பீப்பாயைத் தீர்க்க வேண்டிய வாடிக்கையாளரும் அவர்களே என்பது.

அந்த ஏல்களுக்குச் சுற்றியிருக்கிற மலைகளின் பெயர்தான், ஸ்கிடா, பிளென்கத்ரா என்று. ஒன்றுக்கு மட்டும் ஒரு மூதாட்டியின் 90ஆவது பிறந்தநாளின் பெயர். அந்தப் பக்கம் போனால் அதைக் கேட்டு ஒரு அரை பைன்ட் வாங்கிப் பாருங்கள்.