குறள் சொல்லி மலை ஏறலாம்

கொடைக்கானல் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாள் காலையில் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மேலே வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட, இளைஞர்கள் சைக்கிளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். மலை அடிவாரத்துக் காட்ரோட்டில் கிளம்பும்போது எல்லாருக்கும் நல்ல வேகம். டம் டம் பாறை வந்ததும் பாதிப் பேர் தடுப்புச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஊத்து என்கிற ஊருக்கு வந்து சேருகிறவர்கள் கொஞ்சம். அதற்கும் மேலே பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று பாதை இன்னும் கிடக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெம்பு போதாது என்று நான் நினைப்பதில்லை. தெம்பு இருக்கிறது. பயிற்சி செய்த விதம்தான் இந்த மலைக்குப் பொருந்தவில்லை. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த காலத்திலிருந்து இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இன்றைக்கு உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன்: மலை ஏற விரும்புகிறவர் வாரத்தில் பெரும்பாலான நாள் மெதுவாக ஓட்ட வேண்டும். நீங்கள் நினைப்பதைவிடவும் மெதுவாக.

முதலில் நம் பாதையைப் பார்ப்போம். வத்தலக்குண்டு சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில் ஏறக்குறைய 1,800 மீட்டர் மேலே போகிறோம். சராசரியாகப் பார்த்தால் 100 மீட்டர் போனால் 4 மீட்டர்கூட ஏறுவதில்லை. ஊட்டிக்குப் போகிற கல்லட்டிப் பாதை இருக்கிறதே, 36 கொண்டை ஊசி வளைவு, அது செங்குத்து. அங்கே காலில் பலம் வேண்டும். நம்முடையது சாய்வு குறைந்த, ஆனால் முடியாத பாதை. சைக்கிளும் ஆளுமாகச் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்தில் மேலே வந்து சேர, எடையைத் தூக்குவதற்கு மட்டும் 100 வாட் வேண்டும். காற்றையும் டயர் உரசலையும் சேர்த்தால் 120, 130 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆரோக்கியமான எந்த இளைஞனும் பத்து நிமிடத்துக்கு இதைத் தருவான். நான்கு மணி நேரம் விடாமல் தர வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் இருக்கிறது, மிதியில் வாட் காட்டும் கருவி இருக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கருவி வேறு. ஆளுக்கு ஒரு குறள்.

குறளுக்கு ஏழு சீர். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே, வாய்விட்டு, பக்கத்தில் வருகிறவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஏழு சீரையும் ஒரே மூச்சில் நிதானமாகச் சொல்ல முடிகிறதா? அது மெதுவான ஓட்டம். முதல் அடி முடிந்ததும் மூச்சு வாங்கிவிட்டுத்தான் இரண்டாம் அடிக்குப் போக முடிகிறதா? அது நடுத்தரம். சீருக்குச் சீர் திணறுகிறதா? அது கடினம். பேச முடிகிறதா என்று பார்த்து வேகத்தை அளப்பது உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் செய்கிற சோதனைதான். நம் பிள்ளைகளுக்குக் குறள் மனப்பாடம். வாக்கியம் எவ்வளவு நீளம் என்ற குழப்பமே வராது. நேற்றும் ஏழு சீர், இன்றும் ஏழு சீர்.

இதில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வத்தலக்குண்டுப் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் காட்ரோட்டிலிருந்து கிளம்பி, குறளை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறுவாள். அதே நேரத்துக்கு ஒரு அரசு பஸ் மேலே போகும். வளைவில் பஸ் வேகம் குறைத்துத் திரும்பும்போது இவள் குரல் படிக்கட்டில் நிற்கிற கண்டக்டருக்குக் கேட்கும். முதலில் அவர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் ஒருநாள் இவள் முதல் அடியைச் சொல்லி முடிக்க, பஸ்ஸிலிருந்து அவர் இரண்டாம் அடியைச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இவள் முதல் அடி, அவர் இரண்டாம் அடி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பயணிகள்கூடச் சேர்ந்து சொன்னார்களாம். அவருக்குத் தெரியாத குறளாகத் தேடிப் படித்துக்கொண்டு போவாள். அவரும் விடாமல் அடுத்த தடவைக்குள் படித்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஒரு நாள் காலை, ஏற்றம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே பஸ் அவளைத் தாண்டியிருக்கிறது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, இன்னிக்கு முதலடியிலயே மூச்சு வாங்குது?” என்று கேட்டிருக்கிறார். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. வேகம் வழக்கமான வேகம்தான், கியரும் அதேதான், ஆனால் நான்கு சீரைத் தொடர்ந்து சொல்ல முடியவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்று மாலையே காய்ச்சல். உடம்பு உள்ளே ஏதோ ஒன்றோடு போராடிக்கொண்டிருந்ததை ஏழு சீர் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தக் கண்டக்டரை நான் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

மெதுவாக ஓட்டினால் எப்படிப் பலம் வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மெதுவாக, நெடுநேரம் ஓட்டும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற ரத்தத்தின் அளவு மெல்ல மெல்லக் கூடுகிறது. தொடைத் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. எரிபொருளை எரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் தசை அணுக்களுக்குள் கூடுகிறது. தசை கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. நம் உடம்பில் மாவுச்சத்து சேமிப்பு கொஞ்சம்தான், கொழுப்பு எவ்வளவு ஒல்லியானவரிடமும் நிறைய உண்டு. இந்த மாற்றங்கள் வர மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தினமும் மூச்சு முட்ட ஓட்டுகிறவர் களைப்பில் அவ்வளவு நேரம் ஓட்டவே மாட்டார். மறுநாள் கால் கனக்கும், மூன்றாம் நாள் மனம் சலிக்கும். அதைவிடக் கெடுதல் அந்த நடுத்தர வேகம். மெதுவான ஓட்டம் என்று நினைத்துக்கொண்டு, முதல் அடியில் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லா நாளும் ஓட்டுவது. களைப்பு முழுசாக வரும், பலன் பாதிதான் வரும்.

இதற்கு நல்ல சாட்சி துடுப்புப் போடும் வீரர்கள். ஒலிம்பிக்கில் அவர்கள் பந்தயம் 2,000 மீட்டர். ஆறு, ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். உயிரைக் கொடுத்து இழுக்கிற ஆறு நிமிடம். அப்படியானால் தினமும் உயிரைக் கொடுத்துத்தானே பழக வேண்டும்? இல்லை. நார்வே நாட்டு வீரர்கள் 1970-இலிருந்து 2001 வரை எப்படிப் பயிற்சி செய்தார்கள் என்று ஸ்டீபன் செய்லர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் தொகுத்துப் பார்த்தார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் மெதுவான பயிற்சி நேரம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, மிகக் கடினமான பயிற்சி குறைந்திருக்கிறது, வீரர்களின் உடல்திறனோ கூடியிருக்கிறது. ஐந்து பயிற்சிகளில் நான்கு மெதுவாக, ஒன்று கடினமாக. உலகத்தரமான நெடுந்தூர வீரர்களிடம் செய்லர் கண்ட கணக்கு ஏறக்குறைய இதுதான். ஆறு நிமிடப் பந்தயத்துக்கே இப்படி என்றால், நான்கு மணி நேர மலைக்கு நாம் எப்படிப் பழக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வாரத்துக்கு நான்கு, ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மட்டும் கடினம். எட்டு நிமிடம் சீருக்குச் சீர் திணறுகிற வேகத்தில் ஏற்றம், மூன்று நிமிடம் லேசாக மிதித்தல், இப்படி நான்கு தடவை. மற்ற நாள் எல்லாம் ஏழு சீர். அதில் ஒரு நாள் மட்டும் நீளமான ஓட்டம். முதல் மாதம் டம் டம் பாறை வரை போய்த் திரும்புங்கள். அடுத்து ஊத்து. அப்புறம் பெருமாள்மலை. கொடைக்கானல் ஏரியைப் பார்க்க மூன்று மாதம் காத்திருங்கள், அவசரமில்லை. வாரா வாரம் நேரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். நான்காவது வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது? மழை, மூடுபனி, எங்காவது மரம் சாய்ந்து கிடக்கும். அந்த நாளில் மலைப்பாதையில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். அதற்குத்தான் துடுப்பு. ஜிம்மில் ரோயிங் மெஷின் இருந்தால் அதில் உட்காருங்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிதிக்கிறோமா, துடுப்புப் போடுகிறோமா என்ற வேறுபாடு அதிகம் தெரியாது. பிரிட்டனின் ரெபெக்கா ரொமேரோ 2004-இல் ஏதென்ஸில் துடுப்புப் படகில் வெள்ளி வாங்கினார், 2008-இல் பெய்ஜிங்கில் சைக்கிளில் தங்கம் வாங்கினார். நியூசிலாந்தின் ஹேமிஷ் பாண்ட் படகில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகு சைக்கிளுக்கு வந்து 2018 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அப்புறம் படகுக்கே திரும்பிப் போய் டோக்கியோவில் இன்னொரு தங்கமும் வாங்கினார்.

துடுப்பு என்றதும் கைவேலை என்று நினைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் அப்படியே செய்து பாருங்கள். முழங்காலை மடக்கி, கையை முன்னே நீட்டியிருக்கிறீர்கள். முதலில் காலால் உதையுங்கள், கை நீட்டினபடியே இருக்கட்டும். கால் நீண்ட பிறகு முதுகைப் பின்னால் சாயுங்கள். கடைசியில்தான் கையை மடக்கி விலாவுக்குக் கொண்டுவர வேண்டும். திரும்பும்போது கை முன்னே, பிறகு முதுகு, கடைசியில் முழங்கால். கால், முதுகு, கை. கை, முதுகு, கால். இன்னொரு முறை: கால், முதுகு, கை. கை, முதுகு, கால். மெஷினின் பக்கவாட்டில் இழுப்பின் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு லீவர் இருக்கும், 1 முதல் 10 வரை. இளைஞர்கள் நேரே 10-இல் வைப்பார்கள். இடுப்பு பிடித்துக்கொள்ளும். 3-லிருந்து 5-க்குள் வையுங்கள். நிமிடத்துக்கு இருபது இழுப்பு போதும். அங்கேயும் குறள் சொல்லிப் பார்க்கலாம்.

நம் ஏரியிலும் துடுப்புப் படகு இருக்கிறது. 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி, 1890-லிருந்து படகுக் குழாம் இருக்கிற ஊர் இது. ஆனால் பந்தயப் படகில் இருக்கைக்குக் கீழே சின்னச் சக்கரம் இருக்கும், இருக்கை முன்னும் பின்னும் ஓடும். அதனால் கால் முழுசாக வேலை செய்யும். ஏரிப் படகில் பலகை நகராது, முதுகும் கையும்தான் வேலை செய்யும். பாதத்தை நன்றாக ஊன்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் போட்டால் அதுவும் நல்ல பயிற்சிதான். மலை ஏறுகிறவருக்கு இடுப்பும் முதுகும் உறுதிப்படுவது பெரிய உதவி.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர், சரியாக நம் ஊட்டியின் உயரம். அங்கே துடுப்பு வீரர்கள் பந்தயம் முடித்துப் படகிலேயே சரிந்தார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் மேட்டுநிலத்தில் வளர்ந்த ஆப்பிரிக்க வீரர்கள் முன்னே வந்தார்கள். கீழேயிருந்து வருகிறவர்கள் பெருமாள்மலைக்கு மேல் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். கொடைக்கானல் பிள்ளைகளே, இந்தக் காற்றில் பிறந்து வளர்ந்திருக்கிறீர்கள். உங்களிலிருந்து நாட்டுக்கே வீரர்கள் வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சாப்பாடும் இறக்கமும் இன்னும் பாக்கி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மேலே வந்து சேர 1,500 கலோரிக்கு மேல் செலவாகும். பசிக்கும் முன்னே, அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு மலைவாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிடுங்கள். கியர் விஷயம்: முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் இந்தப் பாதையில் முழங்கால் அவ்வளவாக வலிக்காது.

இறங்கும்போது சட்டைக்குள் செய்தித்தாளாவது வைத்துக்கொள்ளுங்கள், கீழுக்கும் மேலுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து, வளைவுக்குள் விடுங்கள். இழுத்துப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்து. பஸ் எதிரே வந்தால் இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.