ஆவாரங்காயையும் கொஞ்சம் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆவாரம்பூவைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. பொங்கலுக்கு முன் பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். இப்போது குளியல் பொடி, டீத்தூள் என்று கடைக்கும் வந்துவிட்டது. பூவைப் பறிக்க இத்தனை கைகள். விதை தரும் காயைத் தேடிப் போகிறவர்தான் இல்லை. பறித்த பூ காயாகாது. அதனால் செடிக்கு ரெண்டு கிளையாவது பூவோடு விட்டுவையுங்கள்.

புதுக்கோட்டை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மானாவாரிக் காட்டோரங்களில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே நிற்கிற செடி இது. ஆடுமாடும் அவ்வளவாக வாய் வைக்காது. ஒரு காலத்தில் தோல் பதனிட இதன் பட்டையைத்தான் உரித்தார்கள்.

காலையில் பூத்த செடியருகே கொஞ்சம் நின்று பாருங்கள். கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிரும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாக, உலுக்கினால்தான் கொட்டும். வண்டு வராத இடத்தில் பூ இருக்கும், காய் இருக்காது.

சரி, விதைக்கு வருவோம். காய் தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும். பச்சையில் பறித்தால் வீண். பழுப்பேறி, காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒரே செடியை உருவாமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நிழலில் உலர்த்தி, கசக்கி, முறத்தில் புடைத்தால் விதை நிற்கும். விதையில் ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் உள்ளே சிறு வண்டு தின்றிருக்கிறது, இது பூவை உலுக்கும் கருவண்டு அல்ல; அதைக் கழித்துவிடுங்கள்.

அப்படியே விதைத்துவிட்டு 'முளைக்கவே இல்லை' என்று சொல்பவர்கள் நிறைய. விதை செத்துப்போகவில்லை, தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாக உரசி மறுபடி ஊறப்போடுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும். பெயர்த்து நட்டால் தாங்காது. புரட்டாசி, ஐப்பசி மழையை ஒட்டி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது.

வளர்ந்த செடியில் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்பதைப் பார்த்தால் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அவை வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். தின்றுவிட்டுப் போகட்டும், ஆவாரை மறுபடி தழைத்துக்கொள்ளும்.

வணக்கம்.