அப்பத்தாவுக்கு 30க்கு 19 மார்க்காம்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு டீ போட்டுக்கொண்டே பேசுகிற பொறுமை இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் முதியவர்களுக்கு ஞாபகசக்தி முகாம் போட்டார்கள். அப்பத்தாவை உங்களுக்குத் தெரியுமே, வத்தக்குழம்பு வீடியோவில் என்னைத் திட்டிக்கொண்டே கிளறியவர். அவருக்கு 30க்கு 19 என்று எழுதி, ‘மறதி நோய் ஆரம்பம்’ என்று சீட்டும் கொடுத்துவிட்டார்கள்!

வைத்தது மோகா பரிசோதனை. மான்ட்ரியலில் ஜியாத் நஸ்ரெதின் என்ற மருத்துவரின் குழு உருவாக்கி 2005இல் வெளியிட்டது. அதோடு எனக்குச் சண்டை கிடையாது. 26க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பாருங்கள் என்றுதான் அர்த்தம். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு எதுவானாலும் மார்க் இறங்கும். அதையெல்லாம் பார்க்காமலே நோய் என்று எப்படி எழுதுவார்கள்? அப்புறம், 12 வருடம் வரை படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டிப் போடுவார்கள். பிளஸ் டூ முடித்தவருக்கும் ஒன்று, மூன்றாம் வகுப்போடு நின்ற அப்பத்தாவுக்கும் அதே ஒன்று. இதெல்லாம் ஒரு கணக்கா?

கடிகாரம் வரையச் சொன்னார்கள், பதினொரு மணி பத்து நிமிடம். அப்பத்தா பென்சிலைக் கோலமாவு மாதிரி கிள்ளிப் பிடித்து, வட்டத்தை ஒரே இழுப்பில் போட்டார். அவ்வளவு அழகு! ஆனால் பெரிய முள்ளை 10க்கு நேராக இழுத்துவிட்டார். ‘பத்து’ என்று காதில் விழுந்ததும் கை அங்கே போகிறதா என்று பார்க்கத்தான் அந்த நேரத்தையே கொடுக்கிறார்கள். சரி, அது போனது நியாயம்தான். கனசதுரம் வரையச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வடிவியல் பெட்டியைத் தொட்டே பார்க்காதவரிடம் போய் அதைக் கேட்கலாமா?

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கும் முழித்தார். வீட்டுக்கு வந்ததும், “நூறு ரூபாய் கொண்டுபோய் ஏழு ரூபாய்க்குக் கீரை வாங்கினால்?” என்று ஆரம்பித்தேன். 93, 86, 79, 72, 65. “ஏழு ரூபாய்க்கு எவன்டா கீரை தருகிறான்?” என்று எனக்கே திட்டு.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். காது மெஷின்! பாதியில் பேட்டரி தீர்ந்துபோனது. ஐந்து சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொல்கிற இடத்தில். பரிசோதனை நடத்திய தம்பி பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகிறார். நான் மருந்துக்கடைக்கு ஓடினேன். பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 சைஸ் பேட்டரி வேண்டும், அவர்கள் நீட்டியது மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10 சைஸ். அடுத்த கடையில் ஆறு பேட்டரி அட்டை 280 ரூபாய், இரண்டு மட்டும் தரமாட்டார்களாம். ஸ்டிக்கரை உரித்த பிறகு காற்றுப் பட ஒரு நிமிடம் வைக்க வேண்டும், உடனே திணித்தால் சரியாக எடுக்காது. இவ்வளவும் செய்து திரும்பி வந்தால் மார்க் போட்டாயிற்று! காதில் விழாததை மறந்துவிட்டார் என்று எழுதினால் கோபம் வருமா வராதா?

இத்தனைக்கும் படிக்காதவர்களுக்கு என்ன கேட்கலாம் என்று நம் நாட்டிலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள், 1975இல் அமெரிக்காவில் வந்த எம்எம்எஸ்இ என்ற இதே மாதிரி ஞாபகசக்திப் பரிசோதனையை இந்தியில் மாற்றி 1995இல் வெளியிட்டார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதியிருப்பதைப் படித்துச் செய்வதுதான் மூலத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, நடத்துபவர் கண்ணை மூடிக் காட்ட, பார்த்து அப்படியே செய்தால் போதும் என்று வைத்தார்கள். எவ்வளவு எளிது பாருங்கள்! மோகாவிலேயே எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு ‘பேசிக்’ என்று தனி வடிவம் இருக்கிறது. முகாம்காரர்கள் அதை எடுத்து வந்திருக்கலாமே?

அடுத்த வாரம் கிண்டியில் 2024இல் திறந்தார்களே, தேசிய முதியோர் நல மருத்துவமனை, அங்கே கூட்டிப் போகிறேன். பையில் முழு அட்டை பேட்டரி இருக்கும். அப்புறம் அந்த ஐந்து சொல் என்னவென்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வீட்டில் பழக்கிவிட்டால் பரிசோதனையே கெட்டுப்போகும், அதற்காகத்தான் அதில் மாற்றுத் தாள்களே வைத்திருக்கிறார்கள்.